பால் குடித்தே வெளுத்த பிள்ளை

என் ராசாத்தி அக்காவுக்கு,

முதலில் என்னை மன்னித்துக்கொள். போனவர்களைக் கூப்பிட்டு எழுதக் கூடாது, அவர்கள் நிம்மதி கெடும் என்று அம்மா சொல்கிறாள். அதுவும் ஊரே வாசிக்கிற பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று தெரிந்தால் அடுப்படியிலிருந்தே ஏசுவாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் புகுந்த வீட்டில் வாயால் சொல்ல வேண்டியதை ராஜபாளையத்தில் நம் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கினவள் என்று அப்பா மில்லில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறார். பட்டம் வந்தது, வாய் வரவில்லை.

உன் மகன் செல்வம் நடக்கிறான், ஓடுகிறான். ஓடினால் சீக்கிரம் உட்கார்ந்துவிடுகிறான். நீ போவதற்குக் கொஞ்ச நாள் முன்புதானே அவனுக்குப் பால் மறக்கடித்தாய்? வேப்பெண்ணெய் தடவிவிட்டு, அவன் முகத்தைச் சுளிக்கையில் நீயும் சேர்ந்து அழுதாயே. பிறகு பருப்புச் சோற்றை நெய் விட்டுக் குழையப் பிசைந்தாய். அவன் வாயைத் திறந்துகொண்டு உன் சேலையைப் பிடித்தபடியே வீடெல்லாம் சுற்றி வந்தான்.

அந்தப் பிள்ளை இப்போது சோற்றுத் தட்டைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறான். எழுந்ததும் ஒரு புட்டிப் பால். அழுதால் ஒரு புட்டி. அழாவிட்டால், பிள்ளை ஏன் சத்தமே இல்லாமல் இருக்கிறான் என்று இன்னொரு புட்டி. பால்கோவா கிண்டுகிற வீட்டில் பாலுக்கு என்ன பஞ்சம்? இடையில் கடாயில் ஒட்டியிருக்கும் சுரண்டலையும் வழித்து வாயில் வைக்கிறார்கள். அந்தப் புட்டியை நீ பார்க்க வேண்டும், அக்கா. ரப்பர் மஞ்சளாகி, பிசுபிசுத்து, அதன் மேல் ஈ. மோவாயில் வழிந்த பால் காய்ந்து வெடித்திருக்கிறது. தூக்கினால் புளித்த வாடை. பெற்ற மகனைப் போல் நான் நினைக்கிற பிள்ளையை முத்தமிடப் போய் எனக்குக் குமட்டியது. அவன் மேல் இல்லை அந்த அருவருப்பு.

பக்கத்து வீட்டுப் பெண்களும் தாயில்லாப் பிள்ளை என்று ஆளுக்கொரு டம்ளர் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போகிறார்கள். சோறு ஊட்ட ஒருத்திக்கும் தோன்றவில்லை. சோறென்றால் பிசைய வேண்டும், பின்னாலேயே அலைய வேண்டும், துப்பினால் துடைக்க வேண்டும். பாலென்றால் கையில் கொடுத்துவிட்டு உச்சுக் கொட்டினால் போதும்.

எல்லாவற்றையும் விட என்னால் தாங்க முடியாதது ஒன்று. பிள்ளை வெளுத்துக்கொண்டே போகிறான். அதைப் பார்த்து, "பாலாக் குடிச்சு எம்புட்டு நெறமா ஆயிட்டான் பாரு" என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழிக்கிறார்கள். உன்னைக் கறுப்பி என்று சொன்ன அதே வாய்கள்தான். மகன் வெளுத்தால் மட்டும் இத்தனை சந்தோஷமா?

போன மாதம் அவன் சுவர் ஓரமாக முகத்தை வைத்து நிற்பதைப் பார்த்தேன். விளையாடுகிறான் என்று நினைத்தேன். சுண்ணாம்பை நக்கிக்கொண்டிருந்தான்.

அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் வாய் வந்தது. பாலைக் குறைக்கலாமே என்று செண்பக மதினியிடம் சொன்னேன். அத்தானின் அக்கா, புருஷன் போன பிறகு இன்னொருவரை அறுத்துக்கட்டாமல் தம்பி வீட்டோடு வந்து தங்கி, இப்போது உன் பிள்ளையை வளர்ப்பது அவர்கள்தான். திரும்பிப் பார்த்து, "ஏட்டி, நீ எத்தனை பெத்து வளத்திருக்க?" என்று கேட்டார்கள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தான் பால்கோவாப் பொட்டலத்துக்கு நூல் கட்டிக்கொண்டே இருந்தார்.

எப்படியோ கெஞ்சி, மதினியையும் பிள்ளையையும் பஸ் ஏற்றி இங்கே ஒரு லேடி டாக்டரிடம் கூட்டி வந்தேன். டாக்டர் அவனுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை, அக்கா. இது நிறமில்லை, சோகை, சுவரை நக்குவதும் அதனால்தான் என்றார். தாய்ப்பால் மறந்த பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் இரண்டு டம்ளர் பால் போதும், அரை லிட்டரைத் தாண்டவே கூடாது, தயிரும் மோரும் குடித்தால் அதுவும் அந்தக் கணக்கில்தான் என்றார். பாலிலேயே வயிறு நிறைந்தால் சோறு எங்கே இறங்கும், ரத்தம் எதில் ஊறும் என்று கேட்டார். பருப்பு, கீரை, முட்டை கொடுங்கள், புட்டியைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லி, ரத்தம் ஊற டானிக்கும் எழுதிக் கொடுத்தார். மதினி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், அந்த டானிக்கையும் புட்டிப் பாலில் கலந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சேற்றுத் தண்ணீர் நிறத்தில் பால். அவன் மூக்கு ஒழுக ஒழுக உறிஞ்சுகிறான். நான் புட்டியைப் பிடுங்கினேன். நானா என்று இன்னும் எனக்கே நம்பிக்கை வரவில்லை. மதினி ஏசுவார்கள் என்று நின்றேன். அவர்கள் அடுப்புக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதார்கள்.

"உங்கக்கா கனவுல வாரா. இந்த அடுப்பு முன்னால வந்து நிக்கா. எம்பிள்ளைக்குப் பால் குடுத்தீகளா மதினின்னு கேக்கா. செத்தவ வாய்விட்டுக் கேட்டதை இல்லைன்னு சொல்லி, பொறவு பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்ய?"

அந்த வீட்டில் இருந்தபோது பசிக்கிறது என்றுகூட நீ வாய்விட்டுச் சொன்னதில்லை. கர்ப்பமாக இருக்கும்போது எல்லோரும் சாப்பிட்ட மிச்சத்தைத் தின்றாய். அப்போது உன் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. செத்த பிறகு நீ சொன்னதாக ஒரு வார்த்தை, அதற்கு முன்னால் டாக்டராலும் நிற்க முடியவில்லை, என்னாலும் நிற்க முடியவில்லை. நினைக்க நினைக்கக் கசக்கிறது. உண்மையிலேயே நீதான் போனாயா, அக்கா? இல்லை, அவர்கள் பயம்தான் உன் சேலையைக் கட்டிக்கொண்டு வந்ததா?

ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன். இனி ஒரு ஞாயிறு தவறாமல் தூக்குச்சட்டியில் பருப்புச் சோறும் கீரையும் எடுத்துக்கொண்டு போவேன். துப்பினால் துடைத்துவிட்டு மறுபடியும் ஊட்டுவேன். யார் சிரித்தாலும் எழுந்து வர மாட்டேன். ஆனால் மற்ற ஆறு நாளும் நான் அங்கே இல்லை. அதனால்தான், கேட்கக் கூசிக் கூசி இதைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

இன்னொரு தடவை மதினி கனவில் வா. அதே அடுப்பு முன்னால் நில். உயிரோடு இருந்தபோது அந்த வீட்டில் உனக்காக நீ கேட்காததை உன் பிள்ளைக்காகக் கேள். சோறு கேள், அக்கா.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வத்தின் சித்தி