ஊதா ஜாடியின் அடிக்குறி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம், அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். உன் அக்கா வேறு வாடகை வீடு பார்த்திருக்கிறாள், மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை, அக்காவுக்குப் பிடித்துவிட்டது, ஆகவே அடுத்த மாதம் குடிபோகிறார்கள். நீ அனுப்பிய ஊதாக் கண்ணாடி ஜாடி உடையாமல் வந்து சேர்ந்தது. ஜாடியும் அதன் அடியிலுள்ள குறியும் அசல்தான் என்று நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வாங்குகிறவர் மறுபேச்சு பேசமாட்டார் என்று எழுதியிருந்தாய். ஏலக்கடையில் ஆயுள் முழுக்கக் கண்ணாடிச் சாமான் தரம் பார்த்தவன் கையெழுத்துக்கு இன்னும் மரியாதை இருப்பதில் சந்தோஷம்தான். ஆனால் இதில் போடமாட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஜாடி பழசு, அதில் சந்தேகமில்லை. அடியில் சிவப்பு வர்ணத்தில் ஒரு எண் இருக்கிறதே, எந்தப் பட்டறையில் செய்தது, மேலே எந்தச் சித்திர வேலை என்று சொல்லும் குறி, அதுதான் இடிக்கிறது. அந்த மாதிரிக் குறியை வரைந்து சூளையில் சுட்டுவிடுவார்கள், பிறகுதான் ஜாடி மேசை மேசையாக உட்கார்ந்து அடியில் கீறல் விழும், ஆகவே கீறல் குறியை வெட்டிக்கொண்டு போக வேண்டும். இதிலோ கீறல் குறிக்கு அடியில் ஓடுகிறது, வர்ணம் கீறலுக்குள் இறங்கியிருக்கிறது. ஓரத்தில் ஸ்பிரிட் பஞ்சை வைத்தேன், பஞ்சு சிவந்துவிட்டது, சுட்ட வர்ணம் இப்படிக் கரையாது. யாரோ அண்மையில் போட்ட குறி.

எனக்கு உடனே உன் கடைக் கூட்டாளி மேல்தான் சந்தேகம். போனில் பேசியபோதே ஆளைப் பிடிக்கவில்லை, வாய்க்கு வாய் அப்பா அப்பா என்கிறார், பெற்ற பிள்ளை நீகூட அத்தனை தடவை கூப்பிட்டதில்லை. கடைச் சாவி யாரிடம் இருக்கிறது, ஜாடியை யார் எங்கே வாங்கினார்கள், நீ இல்லாதபோது கடையில் என்ன நடக்கிறது என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி, அந்த ஆளை நம்பாதே என்று முடித்து, உறையையும் ஒட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து அம்மா டீ கொண்டுவந்தாள். அப்படி என்னதான் பார்க்கிறேன் என்று லென்ஸை வாங்கிப் பார்த்தாள், பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "இந்த நாலைப் பாருங்களேன், நம்ம பிள்ளை போடுற நாலு மாதிரியே வாலைச் சுருட்டிக்கிட்டு நிக்குது" என்றாள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் எத்தனை தடவை தப்பு என்று வட்டம் போட்டுக் காட்டியும் நீ அந்த வாலை விடவே இல்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் மறுபடி பார்த்தேன். உன் நாலேதான். உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

குறியை முழுதாகத் துடைத்துவிட்டேன். அது இல்லாமலே அழகான ஜாடி, உள்ளதைச் சொல்லி விற்றால் வாங்க ஆள் இருக்கிறது. நீ போடவில்லை என்றால் அப்படியே சொல், நம்பத்தான் எனக்கும் ஆசை. போட்டிருந்தால் கூட்டாளி மேல் பழியைத் தள்ளாதே, அந்த வேலையை உனக்காக நானே செய்து பார்த்துவிட்டேன்.

நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலைகுனியாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அம்மாவுக்குப் போன் செய். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. எடுத்த எடுப்பில் அந்த நாலைப் பற்றித்தான் கேட்பாள், சந்தோஷமாகக் கேட்பாள்.

ஆசிகளுடன்,
உன் அப்பா