தொண்டை கட்டிய செவ்வாய்க்கிழமை

என் செல்லக் கழுதைக்கு,

வாட்ஸப்பில் அனுப்பினால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பாய். அதனால் கடிதம்.

நாலு வயது வாண்டு ஒருத்தி என்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு வருகிறாள். எட்டு மாதமாக ஒரு சொல் கிடையாது. சோப்புக் குமிழி என்றால் மட்டும் உயிரை விடுவாள். குமிழி ஊதும் பாட்டிலின் மூடியை இறுக மூடி அவள் கையில் கொடுப்பேன், கேட்டால்தான் ஊதுவேன். கொடுத்ததும் மனசுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். நானோ மூன்று எண்ணுவதற்குள், "ஊதுன்னு சொல்லும்மா, ஊது" என்று ஆரம்பித்துவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெறும் காற்றுதான் வந்தது. வேறு வழியில்லாமல் எண்ணினேன். பத்து போய், முப்பதும் போனது. அவள் என் வாயையே பார்த்தாள். பாட்டிலை என் மடியில் வைத்தாள். உதடுகளைக் குவித்தாள்.

"ஊது."

எனக்குப் புல்லரித்துவிட்டது. "மேடம், இவளா பேசினா?" என்று கேட்டாள் அவள் அம்மா. நான் தலையை மட்டும் ஆட்டினேன். இறுக மூடிய மூடியைத் திருகத் தொடங்கினேன்.

"ஊது," என்றாள் மறுபடி, அதட்டலாக.

அந்தச் சொல் எத்தனை நாளாக உள்ளே வரிசையில் நின்றதோ. வாசலை அடைத்துக்கொண்டு நின்றவள் நான்தான்.

போன மாதம் நீ ஃபோனில், "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றாய். மிச்சத்தை நானே சொல்லி, அதற்குப் பதிலும் சொல்லி, வைத்துவிட்டேன்.

தொண்டை சரியாகிவிட்டது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனை எடுத்தால் இந்தப் பக்கம் சத்தமே கேட்காது. லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே. எண்ணிக்கொண்டிருப்பேன்.

உன் வாயாடி அம்மா