முயல்களுக்கு நீங்கள் வாசித்த உரை

சோல்,
அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய பேராசிரியர் ஓக் ஜோங்வான் அவர்களுக்கு,

இரண்டு வருடங்களுக்கு முன், விலங்குக்கூடத்தின் பின்புறம் படையல் மேசையின் முன்னால் நின்றபோது, நான் சொல்லாமல் விட்டது ஒரே வாக்கியம்தான்: இந்த முயல்கள் அதற்காகச் சாகவில்லை.

உங்களை நான் 'அக்கா' என்று அழைத்த காலம் உண்டு. இந்தக் கடிதத்தில் அந்தச் சொல் வராது. தேட வேண்டாம்.

சிங்கப்பூரிலிருந்து நீங்கள் எழுதியது கிடைத்தது. வெப்பம் ஒத்துக்கொள்ளவில்லை, கிம்ச்சி சீக்கிரம் புளித்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தம்தான். கர்ப்பம் தரிக்காமலிருக்கப் பெண்கள் உள்ளே வைத்துக்கொள்ள நாம் சேர்ந்து செய்த படலத்துக்கு அங்கே ஓர் அறக்கட்டளை பணம் கொடுக்க முன்வந்திருக்கிறது என்றும், அதற்கான புரதத்தைச் சுரக்கும் செல்களை உறையவைத்து திரவ நைட்ரஜன் தொட்டியில் போட்டிருக்கும் குழாய்களை அனுப்பிவைக்க வேண்டும் என்றும் கடைசிப் பத்தியில் கேட்டிருக்கிறீர்கள். பழசை மனதில் வைக்காதே என்றும் ஒரு வரி. பழசு என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

அன்று மேசையில் கேரட், ஆப்பிள், ஒரு கிண்ணம் தீவனம், ஒரு குவளை அரிசிக் கள். ஊதுபத்தியை நான் பிடித்திருந்தேன். ஆய்வுக்காகச் செத்த விலங்குகளிடம், நீங்கள் இன்னதற்காகச் செத்தீர்கள் என்று வருடத்துக்கொரு முறை ஒருவர் உரக்க வாசித்துச் சொல்ல வேண்டும். அந்த உரையை அதற்கு முந்தைய ஐந்து வருடமும் நான்தான் எழுதினேன். அந்த வருடம் மட்டும், உனக்கு வேலை அதிகம், நானே எழுதிக்கொள்கிறேன் என்றீர்கள். கரிசனம் என்று நினைத்தேன்.

நீங்கள் வாசித்தீர்கள். "பிள்ளையில்லாத வீடுகளில் மழலை கேட்பதற்காக உயிர் தந்த முயல்களே" என்று ஆரம்பித்தது. என் பக்கத்தில் நின்ற துறைத் தலைவர் குவாக் கண்களை மூடித் தலையாட்டினார். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. மருத்துவமனை இயக்குநருக்கும் தெரிந்திருந்தது. நம் கருத்தடை ஆய்வு கருத்தரிப்பு மையத்துக்குக் கைமாறிவிட்டதும், பெண்களிடம் தொடங்கவிருந்த பரிசோதனை ரத்தானதும் செத்த முயல்களுக்குச் சொல்லப்பட்ட அதே நேரத்தில்தான் எனக்கும் சொல்லப்பட்டது. சடங்கின் நடுவில் யாரும் வாய் திறப்பதில்லை. அது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று இன்றும் நினைக்கிறேன்.

பிறகு எல்லோரும் பன்றி இறைச்சிக் கடைக்குப் போனோம். நான் படித்த நாவல்களில் துரோகிகள் ஏதாவதொரு பக்கத்தில் முகம் வெளுப்பார்கள். நீங்கள் வெளுக்கவில்லை. கீரை இலையில் இறைச்சியும் பூண்டும் வைத்து மடித்து, எல்லோர் முன்னிலையிலும் என் வாயில் ஊட்டினீர்கள். வாய் நிறைந்திருந்தவளிடம் சொன்னீர்கள்: "மூஞ்சிய ஏன்டி தூக்கி வெச்சுக்கிற? சரக்கு ஒண்ணுதான். நேத்து வரைக்கும் விந்தணுவ ஒட்டவெச்சு நிறுத்தினோம். இனிமே எது நல்லா நீந்துதுன்னு பார்க்க அதே புரதத்த வெச்சுக்குவோம். கடை அதேதான், போர்டு மட்டும் மாறுது."

குவாக் சிரித்துக்கொண்டே, பிள்ளைப் பிறப்பு குறைந்துபோய் நாடே தொட்டில் வாங்கிவைத்துக் காத்திருக்கிறது, நீங்கள் இத்தனை நாள் வாசலுக்குப் பூட்டு செய்துகொண்டிருந்தீர்கள் என்றார். நான் மென்று விழுங்கிவிட்டு, மரியாதை தவறாமல் இரண்டு கையாலும் உங்கள் கிண்ணத்தில் சோஜு மது ஊற்றினேன்.

என் தங்கை ஹேஜுவை உங்களுக்கு நினைவிருக்கும். அவளை நம் துறைக்கு நோயாளியாக அழைத்து வந்தவளே நான்தான். கருத்தடை மாத்திரை சாப்பிட்டு ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய், மூச்சு வாங்கக் கிடந்தவளைப் பார்த்தது நீங்கள். இனி ஹார்மோன் உள்ள எதையும் இவள் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்ததும் நீங்கள். காப்பர்-டி வைத்தாள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவளுக்கு அதனால் மாதாமாதம் உதிரம் வெள்ளமாகக் கொட்டியது. எடுத்துவிட்டார்கள். ஆணுறை என்றால் அவள் கணவனுக்கு மூச்சு முட்டுகிறதாம். நுரையீரலில் கட்டி வந்தது இவளுக்கு, மூச்சு முட்டுவது அவனுக்கு. அவனுக்கு ஆபரேஷன் செய்யலாம் என்றதும் மாமியார் மூன்று நாள் சாப்பிடவில்லை. வயிற்றைத் திறந்து இவளுக்குக் கருக்குழாயைக் கட்ட மயக்க மருத்துவர் தயங்கினார்.

அப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது: "பொறு கண்ணு. ஹார்மோனே இல்லாத ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. மொதல்ல உனக்குத்தான்." அந்தப் பேச்சை நம்பி அவள் காத்திருந்தாள். படையலுக்கு அடுத்த வசந்தத்தில் கர்ப்பமானாள். பிரசவம் வரை தினமும் வயிற்றில் ஊசி. ஏழாம் மாதம் காலில் மறுபடியும் கட்டி வந்தது. எட்டாம் மாதம் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை அவசரமாக எடுத்தார்கள். கிழித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் இரண்டாம் முறை அறுவை அறைக்குள் கொண்டுபோனார்கள். திறந்ததோடு கருக்குழாயையும் கட்டிவிடலாமா என்று கேட்கும் நிலையில் அங்கே யாரும் இல்லை.

பையன் பெயர் சிஹான். அடுத்த மாதம் அவனுக்கு முதல் பிறந்தநாள். என்னைப் பார்த்தால் கையை நீட்டுகிறான். அவன் மேல் எனக்கு உயிர். பார்த்தாயா, நல்லதுதானே நடந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு இதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவன் இருப்பது அவனுடைய நல்ல நேரம். அவள் பிழைத்தது அவளுடைய கெட்டித்தனம். இரண்டிலும் உங்களுக்குப் பங்கில்லை.

குழந்தைக்கு நீங்கள் அனுப்பிய தங்க மோதிரத்தைத் திருப்பி அனுப்பத்தான் எடுத்து வைத்தேன். ஹேஜு பிடுங்கிக்கொண்டாள். கோபத்தைத் திருப்பி அனுப்பு, தங்கத்தை ஏன் அனுப்புகிறாய் என்றாள்.

இனி அந்த செல் குழாய்களைப் பற்றி. குவாக்குக்கு அவை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் குப்பை. கொடுத்துத் தொலை என்கிறார். அந்த செல்களை வளர்த்தவள் என்ற முறையில் என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஒரு வாரமாக நான் போடவில்லை. இங்கே கைவிட்டதை அங்கே போய் உங்கள் கண்டுபிடிப்பு என்று மேடையேற்றப் போகிறீர்கள். என் பெயர் எங்கே வரும் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நான் கேட்கவும் இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு தரம் புதுத் தண்ணீர் மாற்றுவது போல ஊட்டப்பொருள் மாற்றி, பண்டிகைக்குக்கூட ஊருக்குப் போகாமல் வளர்த்தவை அவை. தொட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தால் போதும். மதியத்துக்குள் செத்துவிடும். அதைச் செய்ய எனக்கு ஆசையாக இருந்தது. மறைக்கவில்லை.

இதை ஹேஜுவிடம் சொன்னேன். பையனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரி, நீ கோவமா இருக்க. உன் கோவத்த உள்ள வெச்சுக்கிட்டுப் படுத்தா எனக்குப் புள்ள நிக்காம இருக்குமா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "அந்தப் பொம்பள நல்லவளா இருக்கணும்னு எனக்கு என்ன வேண்டுதலா? வேலை தெரிஞ்சவளா இருந்தா போதும். அனுப்பு."

வேலை தெரிந்தவர்தான் நீங்கள். அதை மறுக்க முடியாததுதான் என்னை எரிக்கிறது.

எனவே கையெழுத்துப் போடுகிறேன். என் பெயரை எங்கும் போட வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் அனுப்பிய திட்ட வரைவைப் படித்தேன். ரத்தக் கட்டி வந்த பெண்களைப் பாதுகாப்பு கருதிப் பரிசோதனையில் சேர்ப்பதில்லை என்று அதில் இருக்கிறது. ஆரோக்கியமான பெண்களுக்குக் கடையில் இருபது வகை கிடைக்கிறது. இது யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்களை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். முதல் கட்டத்தில் முடியாது என்றால் இரண்டாம் கட்டத்திலாவது எடுங்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். இது கோபத்தில் கேட்பது இல்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை மறக்காதீர்கள். இது முடியும்வரை நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு உங்களுக்கு என்ன வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஹேரின்

பி.கு.: உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். செல் குழாய்கள் செவ்வாய்க்கிழமை விமானத்தில் ஏறிவிட்டன. ஹேஜு மறுபடியும் கர்ப்பமாக இருக்கிறாள்.