எஸ்தர் எழுதிய காட்டேரிக் கதை

என் எஸ்தர் பிள்ளைக்கு,

உன் புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் பல்லும் ரத்தமும் வேண்டாம் என்று சொல்லியிருந்தாயே, அப்படியே செய்திருக்கிறார்கள். ஒரு வீட்டு வாசல், அதில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். உன் அண்ணன் அதைக் கையில் வாங்கி உன் பேரை விரலால் தடவிப் பார்த்தார். பொறவு, "பேரைப் பெருசாத்தான் போட்டிருக்காங்க" என்றார்.

உன்னைத் தெரியாதவர்களும் இதை வாசிக்கலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். நீ என் கணவரின் தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் ராஜபாளையம் போய், பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தவள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் செல்போனில் கதை எழுதுவாய். சாயங்காலம் வந்ததும், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது வாசித்துக் காட்டுவாய். வெங்காயத்தால் அழுதேனா, கதையால் அழுதேனா என்று எத்தனை தடவை கேட்டிருப்பாய்!

உன் அப்பா, என் மாமாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. "பைபிள் இருக்கிற வீட்டுல ரத்தக்காட்டேரிக் கதையா எழுதுதே?" என்று சத்தம் போட்டார்.

"பேய்க்கதை இல்லப்பா. அடுத்தவன் உசுரு போனாலும் பரவால்ல, எனக்கு வேணும்னு நினைக்கிறவங்க கதை" என்றாய். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

உன் கதையில் பூவிழி என்று ஒரு பெண். கோழிக்குஞ்சு செத்துப்போனால்கூடச் சாப்பிடாமல் கிடக்கிறவள். அவளை ஒரு காட்டேரி கடித்துவிடுகிறது. மறுநாள் தூங்கிக்கொண்டிருக்கும் தம்பியைப் பார்க்கிறாள். அவன் முகம் அவள் கண்ணில் படவே இல்லை, கழுத்துதான் தெரிகிறது. அந்த இடத்தில் நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "பல்லு முளைச்சது பொறவுதான் மதினி. தம்பியப் பாக்குற பார்வை மாறுச்சு பாருங்க, அப்பவே அவ காட்டேரி ஆயிட்டா" என்றாய்.

முடிவையும் சொன்னாய். தம்பியைக் கடித்துவிட்டு அவள் மட்டும் சாகாமல் இருப்பாள்.

"ஏட்டி, அந்தப் பய என்ன பாவம் பண்ணுனான்?"

"பாவம்னு காட்டேரி பாக்குமா மதினி?"

அந்தக் கடைசி அத்தியாயத்தை எழுதுவதற்குள் உன்னை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஆள் கூட்டிவாருங்கள் என்றார்கள். உன் அண்ணன் கொடுத்தார், உன் ஆபீஸ்காரர்கள் வேன் பிடித்து வந்து கொடுத்தார்கள். நீ வாராவாரம் கதை போடுகிற செயலியில் யாரோ இதை எழுதிவிட, கிருஷ்ணன்கோவில் காலேஜிலிருந்து முன்பின் தெரியாத பிள்ளைகள் பஸ் ஏறி வந்தார்கள்.

அதில் ஒருத்தி திவ்யா, வ. புதுப்பட்டிக்காரி. ரத்தம் கொடுத்த கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உன் கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? பூவிழி தம்பியக் கடிச்சிருவாளா?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நீ சிரித்தாய். "இம்புட்டு ரத்தத்தையும் குடுத்துட்டு, கேக்குறது அதானா?"

"பின்ன? ரொம்ப நாளா நீங்க ஒண்ணுமே போடலியே!"

அவர்கள் போன பிறகு, "நானும் இப்ப அடுத்தவங்க ரத்தத்துலதான் இருக்கேன், பாத்தீங்களா மதினி?" என்றாய். வாயை மூடு என்று அதட்டினேன். "பயப்படாதீங்க. நான் எடுக்கல, அவங்க குடுத்தாங்க. இத நான் கதையில யோசிக்கவே இல்ல."

கொஞ்சம் தெம்பு வந்ததும் நீ சொல்லச் சொல்ல நான்தான் செல்போனில் தட்டினேன். பூவிழி தம்பியின் மேல் குனிகிறாள். அவன் தூக்கத்தில், "அக்கா, குளிருது" என்கிறான். அவ்வளவுதான், அவன் முகம் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. போர்வையை இழுத்து மூடிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். பசி போகவில்லை என்றும் எழுதச் சொன்னாய். அந்த முகம் அவளுக்கு மறுபடியும் மறையாமல் இருந்திருக்குமா? நான் கேட்டிருக்கலாமோ?

அந்த மழைக்காலத்திலேயே நீ போய்விட்டாய். ஆனால் அந்தப் பிள்ளைகள் கொடுத்த ரத்தம் வீணாகவில்லை, எஸ்தர். அதில் கிடைத்த நாட்களில்தான் நீ அந்தக் கதையை முடித்தாய். உன் அண்ணனோடு சண்டை போட்டாய். ஆசைப்பட்டுப் பால்கோவா கேட்டுத் தின்றாய்.

மாமா விஷயம் சொல்ல வேண்டும். புத்தகம் வந்ததும், எழுத்துப்பிழை பார்க்கிறேன் என்று பென்சிலோடு உட்கார்ந்தார். இரண்டு நாள் அதைக் கீழே வைக்கவே இல்லை. மூன்றாம் நாள் அடுப்படிக்கு வந்து நின்றார். "ஜெயா, அந்தச் சின்னப்பய பொழச்சுக்கிட்டாம்மா" என்றார், பக்கத்து வீட்டுச் சேதி சொல்வதுபோல. ஆமா மாமா என்றேன். "எம்மக நல்லாத்தான் எழுதியிருக்கா" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது பைபிளோடு அதையும் கொண்டுபோனார். திரும்பி வரும்போது புத்தகம் கையில் இல்லை, யாருக்கோ வாசிக்கக் கொடுத்துவிட்டார். இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

போன சனிக்கிழமை திவ்யா வீட்டுக்கு வந்திருந்தாள். அவளும் ஒரு கதை எழுத ஆரம்பித்திருக்கிறாள். பிளவக்கல் அணைக்குள் குடியிருக்கும் ஒரு கிழவன், வருகிற தண்ணியையெல்லாம் தானே குடித்துவிடுகிறானாம். முதல் பக்கத்தை வாசித்துக் காட்டினாள். எப்படி இருக்கு என்று கேட்டாள். உன் கதைபோல இல்லை, அவள் கதைபோலத்தான் இருக்கிறது. அதுதான் எனக்குச் சந்தோஷம்.

"எனக்கு என்னம்மா தெரியும்?" என்றேன். "நீங்க பயந்தீங்களான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

பயந்தேன் எஸ்தர், நெசமாவே பயந்தேன். அந்தக் கிழவன் என்ன ஆவான் என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை. தெரிகிற வரைக்கும் சனிக்கிழமை தோறும் வரச் சொல்லியிருக்கிறேன். எம்புட்டு நாளானாலும் கேட்பேன். நல்லா இல்லாத இடத்தை நல்லா இல்லை என்றே சொல்வேன். ஆனால் பாதியில் விட மட்டும் விடமாட்டேன்.

உன் மதினி,
ஜெயா