பதினெட்டு போல்ட்டுகள்

மார்ச் 4, செவ்வாய்

லாரி இன்றும் தண்ணீர் குடித்தது. காலையில் அப்பா ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பினார். மாவு மில்லுக்கு லோடு அடித்துத் திரும்புவதற்குள் இரண்டு குடம். தரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. பின்னால் மட்டும் வெள்ளைப் புகை. "இதுக்குத் தண்ணி காட்டுறதுக்கு ஒரு மாட்டையே வாங்கிக் கட்டியிருக்கலாம்" என்றாள் அம்மா.

ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். உட்புறம் பால் கலந்த காபி நிறத்தில் நுரை. எண்ணெயில் தண்ணீர் இறங்குகிறது. ஹெட் கேஸ்கெட், அதாவது என்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கிற தகடு, மறுபடி போய்விட்டது. மெக்கானிக் அதை மாற்றி நாற்பது நாள்கூட ஆகவில்லை.

மார்ச் 6, வியாழன்

அப்பா அந்த மெக்கானிக்கை மில் வாசலுக்கே வரவழைத்து லாரியைக் காட்டினார். மேனேஜர், நாலைந்து டிரைவர்கள், சாப்பாடு கொண்டுபோன நான். அவன் கையைக்கூட அழுக்காக்கவில்லை.

"என் வேலைல குறை சொல்லாதீங்க. ஹெட்ட லேத்காரர்கிட்ட குடுத்து, அடித்தளத்தச் சீவி மட்டமாக்கி வாங்கித்தான் மாட்டினேன். நீங்க தண்ணி பாக்காம ஓட்டிக் காயவெச்சிருக்கீங்க. வயசாச்சுல்ல, கவனம் எங்க இருக்கும்?"

"அப்பா தினமும்..." என்றேன். அவன் முடிக்க விடவில்லை.

"என்னம்மா, பட்டம் வாங்கினா லாரிக்கும் டாக்டரா?"

சிரித்தார்கள். எல்லாரும். மேனேஜரும். சிரித்து முடித்துவிட்டு, "மாசக் கடைசி வரைக்கும் வேற வண்டி போகட்டும், அப்புறம் யோசிக்கலாம்" என்றார் அப்பாவிடம். இருபத்தெட்டு வருஷம் ஓட்டிய மனிதரிடம். மில் லோடு போனால் எங்களுக்கு வேறு லோடு கிடையாது. அது அவனுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னான்.

மார்ச் 7, வெள்ளி

விடமாட்டேன். மறந்துவிடுவேன் என்று பயந்து எழுதவில்லை. எழுதினால் பல்லைக் கடிப்பது கொஞ்சம் குறைகிறது.

மார்ச் 10, திங்கள்

நான் வேலை பார்க்கும் நூலகத்தில் டீசல் என்ஜின் புத்தகம் ஒன்று அடி அலமாரியில் இருந்தது. யாரும் எடுத்ததே இல்லை. மதியம் முழுக்கப் படித்தேன். ஹெட்டின் அடித்தளம் இம்மி வளைந்திருந்தாலும் புதுக் கேஸ்கெட் நிற்காதாம்.

எனக்கு வேண்டியவை: அவன் எல்லார் முன்னாலும் தலைகுனிய வேண்டும். அவனுடைய பட்டறைப் பலகை கழன்று அவன் கால்மேலேயே விழ வேண்டும். முதலாவது கிடைத்தால் போதும். இரண்டாவது சேர்ந்து வந்தால் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

அம்மா கேட்டாள்: "லாரிதான் புகையுது, நீ எதுக்குடி புகையறே?"

மார்ச் 13, வியாழன்

விடுப்பு. அப்பா ஹெட்டைக் கழற்றினார். "எனக்குக் கழட்டத் தெரியும், மாட்டத் தெரியாது. அரைப் படிப்பு" என்று சிரித்தார். மூன்று பேர் சேர்ந்து இறக்கினோம். அம்மாதான் அதிகம் தூக்கினாள்.

இரும்பு அளவுகோலை அடித்தளத்தில் நிறுத்திப் பார்த்தேன். இரண்டாவது சிலிண்டர் பக்கம் அளவுகோலுக்கு அடியில் வெளிச்சம். சீவியிருந்தால் எப்படி வரும் வெளிச்சம்?

அப்போதுதான் அப்பா சொன்னார். லேத்காரர் தான் சீவுகிற ஒவ்வொரு ஹெட்டின் ஓரத்திலும் ஒரு எண்ணைக் குத்திவிடுவாராம். சீவச் சீவ இரும்பு மெலியும். எத்தனை தடவை சீவியது என்று தெரிய வேண்டுமே.

மண்ணெண்ணெய் போட்டு நாலு ஓரத்தையும் துடைத்தேன். நகத்தால் சுரண்டினேன். எண் இல்லை. இல்லவே இல்லை! அவன் லேத் பக்கமே கொண்டுபோகல. பொய். அத்தனை பேர் முன்னால சொன்னது அத்தனையும் பொய்.

"சரி, இப்ப குடுத்துச் சீவிக்கலாம்" என்றார் அப்பா.

"அவன அங்க வெச்சுக் கேக்கணும்பா."

"கேட்டு?"

"கேக்கணும்."

மார்ச் 15, சனி

சனிக்கிழமை காலையில் லேத் பட்டறையில் பாதி லாரிக்காரர்கள் இருப்பார்கள். அவனும் இருந்தான். ஹெட்டை இறக்கி வைத்தோம். லேத்காரரிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்தது.

"ஜனவரியில இவரு உங்ககிட்டச் சீவினதாச் சொன்னாரு. நீங்க குத்தின நம்பரக் காட்டுங்க."

லேத்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஹெட்டைச் சுற்றி வந்தார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பிறகு அவனைப் பார்த்தார். "எங்கிட்ட எப்பய்யா குடுத்தே?"

"அந்த வாரம் உங்க லேத்துக்குக் கரண்ட் இல்லியே... வண்டிய அவசரமாக் கேட்டாங்க..."

"ரெண்டு நாள்தான் இல்ல. ரெண்டு நாள் பொறுக்க முடியலன்னா, குடுத்தேன்னு என் பேர ஏன்யா இழுத்தே?"

யாரோ ஒரு டிரைவர் பின்னாலிருந்து, "அந்த டாக்டரம்மாவயே கேளு, கரண்ட் இல்லன்னா என்ன வைத்தியம்னு" என்றார். சிரித்தார்கள். இந்தத் தடவை எனக்காக. அவன் காது சிவந்ததைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன்.

ஆனால் அப்பா என்ன செய்தார்? அவனிடமே போய், "சீவி முடிஞ்சதும் நீங்களே வந்து மாட்டிக் குடுத்துடுங்க" என்றார்! வீட்டுக்கு வந்து கத்தினேன். "வேற ஆளு மாட்டினா இது சண்டைன்னு பேசுவாங்க. அவரே மாட்டினா, தப்பு அவருதுன்னு ஊரே ஒத்துக்கும்" என்றார். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

மார்ச் 16, ஞாயிறு

தனியாகத்தான் வந்தான். அப்பா கூடமாட நின்றார். நான் புத்தகத்தோடு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பதினெட்டு போல்ட். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, ஒரே வரிசையில், மூன்று சுற்றாக முறுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிவிட்டு முறுக்கச் சொன்னேன். சொன்னான். "ஒண்ணு... ரெண்டு..." பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

முதல் சுற்று முடிந்தது.

"வரிசை மாறிடுச்சு. கழட்டிட்டு மறுபடி முறுக்குங்க."

நிமிர்ந்து பார்த்தான். பதினெட்டையும் தளர்த்தினான். நெற்றி வியர்வை ஸ்பேனரில் விழுந்தது. மறுபடி "ஒண்ணு" என்றான்.

வரிசை மாறவில்லை. எனக்குத் தெரியும்.

அவன் போனபிறகு அப்பா கை கழுவிக்கொண்டே சொன்னார்: "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. எண்ணத் தெரியும்."

மார்ச் 17, திங்கள்

அப்பா என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். அன்று மில் வாசலில் சிரித்தவர்களிடமெல்லாம் பேசினாரே.

மார்ச் 28, வெள்ளி

மேனேஜரே வீட்டுக்கு வந்தார். திங்கள் முதல் லோடு எங்களுக்கே. "கேள்விப்பட்டேன்" என்றார், எதை என்று சொல்லவில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை.

அவனுக்கு இப்போது வேலை குறைவாம். அம்மா சொன்னாள். நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. புதுக் கேஸ்கெட் அமுங்கியிருக்கும், போல்ட்டுகளை இன்னொரு முறை முறுக்க வேண்டும். "நீயே போய்க் கூப்பிடு" என்றார் அப்பா.

மெக்கானிக்கின் பட்டறையில் ஒரு வண்டியும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து தினசரியைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்து, சுத்தமாக இருந்த கைகளை வேட்டியில் துடைத்தார். "என்ன தப்பும்மா இப்ப?" என்று கேட்டார்.

ஒரு மாதமாக எனக்கு வேண்டியிருந்தது இதுதான். "உக்காருங்க மாமா" என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார்.