வீட்டில் நடக்காத விபத்து

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம், என் வலது தோளைத் தவிர. இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மத்திய அரசின் இழப்பீட்டு அலுவலகம் என் மனுவைத் திருப்பிவிட்டது. "வீட்ல வழுக்கி விழுந்தேன்னு டாக்டர்கிட்ட நீங்களே சொல்லியிருக்கீங்களே" என்கிறார்கள். சொன்னேன்தான். நம் தபால் பிரிக்கும் கூடத்தில் யாருக்கு அடிபட்டாலும் அப்படித்தானே சொல்வோம்! விபத்தே இல்லாத கூடம் என்ற கேடயம் கைவிட்டுப் போகக் கூடாதே.

அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் கை தூக்க வராதாம். கை போனால் வேலையும் போகும். அன்று கூடத்தின் மேற்பார்வையாளர் நீங்கள், மூட்டைகள் என்மேல் சரிந்ததைப் பார்த்தவரும் நீங்கள்தான். இப்போது தலைமை அலுவலகத்துக்கு மாறிப் போய்விட்டாலும் அது மறந்திருக்காது. நடந்ததை எழுதிக் கொடுங்கள்.

அக்காவை விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் மாப்பிள்ளை

மார்ச் 11

மாப்பிள்ளை,

எடுத்த எடுப்பிலேயே குண்டைத் தூக்கிப் போடுகிறாயே! என் பதவி உயர்வு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. இப்போது வாயைத் திறந்தால் அம்போதான். சிகிச்சைச் செலவு முழுக்க என்னுடையது. காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம். அக்காவிடம் மூச்சு விடாதே.

மச்சான்

மார்ச் 16

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் பணம் வேண்டாம். வேலையில் அடிபட்டவனுக்குச் சிகிச்சையும் சம்பளமும் உரிமை. அதை நீங்கள் தானமாகத் தந்தால் எனக்கும் கேவலம், உங்களுக்கும் கேவலம்.

மேல்முறையீடு செய்துவிட்டேன். மருத்துவரிடம் சொன்னது பொய் என்று என் கைப்படவே எழுதினேன். சாட்சியாக உங்களைக் குறிப்பிட்டிருக்கிறேன், கூப்பிடுவார்கள். உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. ஆனாலும் அங்கே உட்கார்ந்து நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வீட்டில் சாப்பாடு கிடைக்கிறதா?

மாப்பிள்ளை

ஏப்ரல் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சாப்பாடு கிடைக்கிறது. பேச்சுதான் கிடைக்கவில்லை, அதுவும் நேற்று முதல் கிடைக்கிறது.

நேற்று விசாரணை. நீ அடிபட்டது வேலையில்தான், வீட்டில் என்று சொல்லச் சொன்னதும் நான்தான் என்று சொல்லிவிட்டேன். இனி உன் மனுவுக்குத் தடை இல்லை என்றார் அதிகாரி. சிகிச்சைக்கு நாள் குறித்துவிடு. என் பதவி உயர்வு கிணற்றில் போட்ட கல்.

போகலாம் என்று அவர் சொன்ன பிறகும் எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. லாரியில் மூட்டை ஏற்றுபவரின் இடுப்பு, முத்திரை குத்தும் அம்மாவின் விரல், இன்னும் என் காலத்தில் 'வீட்டில் விழுந்த' எல்லோரையும் பற்றிச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, மாப்பிள்ளை. நானே சொன்னேன்.

உன் மச்சான்