வியாழக்கிழமை வகுப்பில் இடது கை தூக்க அனுமதி கோருதல்

அனுப்புநர்:
மு. நஸ்ருல்லா,
குடை, கைப்பைக் கடை,
ராஜகோபுரம் அருகில், ஸ்ரீரங்கம்.
(குடியிருப்பு: பாலக்கரை, திருச்சிராப்பள்ளி)

பெறுநர்:
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்,
வட்டாரக் கல்வி அலுவலகம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: மலர்விழி உதவிபெறும் தொடக்கப்பள்ளி – ஐந்தாம் வகுப்பு – வெளிநாட்டுப் பள்ளியுடன் நடந்த வியாழக்கிழமை வகுப்பு நிறுத்தப்பட்டது – பிள்ளைகள் முழங்கையை மடக்கப் பழக்கப்படுவது – தொடர்பாக.

பார்வை: தலைமை ஆசிரியர் வாய்மொழியாகத் தெரிவித்த "பார்க்கலாம்ங்க", பல தேதிகளில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் ஸஹ்ரா மேற்படி பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். இந்த வருடம் பள்ளி திறந்தபோது அவள் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். கடன் வாங்கிக் கழித்தல் என்றால் வயிற்று வலி வந்துவிடும். ஆனால் நான்கு வருடமாக எந்த ஆய்விலும் அவள் கை தூக்காமல் இருந்ததில்லை.

2. அதற்குக் காரணம் பள்ளியின் பழைய வழக்கம். ஆய்வுக்கு வருகிற பெரியவர்கள் கேள்வி கேட்டதும் வகுப்பு முழுவதும் கை தூக்க வேண்டும். "தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. ஆனா ஒருத்தர் விடாம தூக்கணும்" என்பது தலைமை ஆசிரியர் திரு. சகாயநாதன் அவர்களின் உத்தரவு. ஆசிரியர் வலது கையாகப் பார்த்து எழுப்புவார். வந்தவர்கள் மகிழ்ந்து, பாராட்டி எழுதி, டீ குடித்துவிட்டுப் போவார்கள். அப்படிப் பாராட்டியவர்களில் தாங்களும் உண்டா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிப்பது மரியாதையும் அல்ல.

3. ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஸ்காட்லாந்து நாட்டுச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றுடன் நம் பள்ளிக்கு உறவு ஏற்பட்டது. வியாழன் மதியம் இரண்டு வகுப்புகளும் டிவி வழியாக ஒன்றாகப் படிப்பது என்று ஏற்பாடு. முதல் நாளே அந்த ஊர் டீச்சர் ஒரு கணக்குக் கேட்டார். நம் பிள்ளைகள், அவரையும் ஆய்வுக்கு வந்தவர் என்றே நினைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் மொத்தமாகக் கை தூக்கினார்கள். சிலர் ஏன் இடது கையைத் தூக்குகிறார்கள் என்று அவர் கேட்டார். பிரவீன்ராஜ் என்ற மாணவன் எழுந்து உள்ளதைச் சொல்லிவிட்டான். வகுப்பாசிரியை லிசி அவர்களும் அதை ஒரு வார்த்தை குறையாமல் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். தலைமை ஆசிரியருக்கு வேர்த்துவிட்டதாகக் கேள்வி.

4. ஆனால் அந்த டீச்சர் கை தட்டினாராம். தெரியவில்லை என்பதைப் பிள்ளை வெட்கப்படாமல் சொல்ல இவ்வளவு நல்ல வழியா என்று வியந்து, அடுத்த வாரமே அவருடைய வகுப்பிலும் அமல்படுத்திவிட்டார். ஒரே ஒரு மாற்றம்தான். அவர் இடது கைகளை முதலில் எழுப்பினார். நமக்கு இத்தனை வருடமாக அது தோன்றவில்லை.

5. அதன் பிறகு வலது கை தூக்கியவர் இடது கை தூக்கியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும் என்று வைத்தார்கள். வேறு ஊர்க்காரர் என்றால் டிவி முன்னால். எண்ணிக் காட்ட இங்கே புளியங்கொட்டை, அங்கே பாசிமணி. ஸஹ்ராவுக்கு அந்த ஊர்ச் சிறுமி ஒருத்தி மணிகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்துக் கழித்தல் காட்டினாள். அந்தச் சிறுமிக்கு ஏழாம் வாய்ப்பாடு வராது. என் மகள் அதை ராகம் போட்டு உருப்போட வைத்தாள். மற்ற நாட்களில் லிசி டீச்சர் தமிழ் வாசிப்புக்கும் இதே முறையைக் கொண்டுவந்தார். தீபாவளிக்குள் என் மகள் என் கடைப் பலகையையும், பஸ்ஸில் எழுதியிருப்பதையும், அவள் வாசிக்க வேண்டாம் என்று நான் நினைக்கிற சுவரொட்டிகளையும் வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

6. கெட்ட நேரம், அந்தப் பள்ளியிலிருந்து பாராட்டுப் பத்திரமும், அவர்கள் திரையில் தெரிந்த நம் வகுப்பின் பெரிய புகைப்படம் ஒன்றும் வந்தன. படத்தில் நம் வகுப்பு முழுவதும் இடது கை. பிள்ளைகளுக்குக் கூச்சம் விட்டுப்போனதால், சந்தேகம் இருந்தவரெல்லாம் தாராளமாகத் தூக்கியிருந்தார்கள். பள்ளியின் மானம் கப்பலேறிவிட்டதாகத் தலைமை ஆசிரியர் கருதினார். ஜனவரியில் ஆய்வு வேறு வருகிறது. டிவி பழுது என்று சொல்லித் துணி போட்டு மூடினார். லிசி டீச்சரை அலுவலக அறையில் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்ற உட்காரவைத்தார்.

7. இப்போது புதிய பயிற்சி நடக்கிறது. எல்லாரும் வலது கையையே தூக்க வேண்டும். தெரிந்தவர் நேராக, தெரியாதவர் முழங்கையை லேசாக மடக்கி. "வெளிய தெரியக் கூடாது, எனக்கு மட்டும் தெரியணும்" என்கிறாராம். என் மகள் கண்ணாடி முன் நின்று எவ்வளவு மடக்கலாம் என்று பழகுகிறாள். வகுத்தல் பாதியில் நிற்கிறது. வரும் ஜூனில் அவள் ஆறாம் வகுப்பு. திரு. சகாயநாதன் கெட்டவர் அல்லர். பள்ளிக்கு வராத பிள்ளையை வீடு தேடிப் போய்க் கூட்டி வருகிறவர். ஆனால் அப்படிக் கூட்டி வந்த பிள்ளைக்கு மறைக்கத்தானா கற்றுத்தருவது? எனக்குக் கோபம் வருகிறது ஐயா. மரியாதைக் குறைவாக ஏதும் எழுதியிருந்தால் அந்தக் கோபத்தின் கணக்கில் வைத்துக்கொள்ளவும்.

8. ஜனவரியில் ஆய்வுக்கு வரும்போது, மடங்கிய முழங்கை எதையாவது பார்த்து எழுப்புங்கள். அது என் மகளாக இருந்தாலும் சரி. விடை வராததற்காக யார் மீதும் நடவடிக்கை வேண்டாம். தலைமை ஆசிரியர் மீதும்தான்.

9. இந்த மனுவைப் பிழை பார்க்க ஸஹ்ராவிடம் கொடுத்தேன். தடங்கல் இல்லாமல் வாசித்து வந்தவள், நான் கடைசியாக எழுதியிருந்த 'ஆவன செய்யுமாறு' என்ற இடத்தில் நின்று, இடது கையைத் தூக்கினாள். "ஆவனன்னா என்ன அத்தா?" என்றாள். எல்லாரும் எழுதுகிறார்களே என்று நானும் எழுதியிருந்தேன். யோசித்துப் பார்த்துவிட்டு நானும் இடது கையைத் தூக்கினேன். ஆகவே அதை அடித்துவிட்டு, எங்கள் இருவருக்கும் புரிகிற மாதிரியே கேட்கிறோம்: வரும் வியாழக்கிழமை டிவி மேலிருக்கும் துணியை எடுக்கச் சொல்லுங்கள். லிசி டீச்சரை வகுப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 08.12.2025

இப்படிக்கு,
மு. நஸ்ருல்லா

வாசித்துச் சரிபார்த்தவர்:
ந. ஸஹ்ரா, ஐந்தாம் வகுப்பு